1759ஆம் ஆண்டுக் கடற்போரும் நமது திருச்சபையும்

பழங்காநத்தத்திலிருந்து புறப்படும் சாலைகளுள் இரண்டு நமது வரலாற்று ஆய்வுக்கு உரியவை. தெற்கே செல்லும் சாலை பசுமலைக்கும் திருப்பரங்குன்றத்துக்கும் போகிறது. அமெரிக்க மதுரை மிஷனின் இறையியற் கல்வி 1845 முதல் வேரூன்றிய இடம் பசுமலை. நம்மவர் அனைவரும் நன்கு அறிந்த சாலை அது. வடமேற்கே செல்லும் புறவழிச் சாலையோ காளவாசலை அடைகிறது. அங்கிருந்து தேனிச் சாலையில் சற்று அப்பால், சம்மட்டிபுரத்தில் கான்சாகிபு பள்ளிவாசல் என்னும் சிறு கட்டடம் உள்ளது. 1764ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் தூக்கிலிடப்பட்ட யூசுப்கானின் கல்லறை மேல் 1808ஆம் ஆண்டில் எழுப்பப்பட்டது அது. முதற் சாலையைப் பற்றித் திருச்சபை வரலாற்று நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. இரண்டாம் சாலையைப் பற்றி அவை வாய் திறப்பதில்லை. ஆயினும் இவ்விரண்டும் ஒரே போரின் விளைவுகள் என்பதும், அப்போர் மதுரை மண்ணில் அன்று, சோழமண்டலக் கடலில் தீர்ந்தது என்பதும் நமது துணிபு.

நமது நூல்கள் பொதுவாக ஒரு சொற்றொடரைக் கையாளுகின்றன: தென்னிந்தியாவில் சுவிசேஷத்துக்குக் கதவு திறக்கப்பட்டது என்பர். கதவைத் திறந்தவர் கடவுள் என்பதை விசுவாசத்தினால் ஏற்கிறோம். எனினும் அந்தக் கதவின் கீல் எங்கே இருந்தது, அது திறந்தபோது யார் நசுங்கினர் என்று கேட்பது வரலாற்று மாணவனின் கடமை. அக்கடமையை நிறைவேற்ற, 1759ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள் பரங்கிப்பேட்டைக்கும் புதுச்சேரிக்கும் அணித்தான கடலில் நிகழ்ந்த ஆங்கில-பிரெஞ்சுப் போரை முதலில் நோக்குவோம்.

சோழமண்டலக் கரையின் இயல்பை அறியாமல் இப்போரை விளங்கிக்கொள்ள இயலாது. சென்னை, புதுச்சேரி, கடலூர், தரங்கம்பாடி, நாகப்பட்டினம் ஆகிய எவ்விடத்திலும் அக்காலத்துப் பெரும் போர்க்கப்பல்கள் புயலுக்கு ஒதுங்கத்தக்க துறைமுகம் இல்லை. கப்பல்கள் கரைக்குத் தொலைவில் திறந்த கடலில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். ஆட்களும் சரக்கும் மசூலாப் படகுகளில் அலைகளைக் கடந்து கரை சேர்வர். அக்டோபர் மாதத்தில் வாடைக்காற்று எழுந்தால் அங்கே நிற்பது சாவைத் தேடுவதாகும். ஆகவே ஒவ்வோர் ஆண்டும் இரு நாட்டுக் கப்பற்படைகளும் கரையைவிட்டு விலகியாக வேண்டும். ஆங்கிலேயருக்குப் பம்பாயில் கப்பல்களைப் பழுதுபார்க்கும் உலர்துறை இருந்தது. பிரெஞ்சுக்காரருக்கோ கடலுக்கு அப்பால் நெடுந்தொலைவில் மொரீசியஸ் தீவுதான் புகலிடம். அங்கே பாய்மரமும் கயிறும் அரிது. கப்பலோட்டிகளுக்கு உணவுகூட அரிது. ஆண்டுதோறும் கரைக்கு யார் முதலில் திரும்புவர் என்ற வினாவுக்கு விடை, வீரத்தில் அன்று, தச்சுப்பட்டறையிலும் உணவுக் கிடங்கிலும் இருந்தது. போர் வரலாறுகளைப் படிப்போர் இவ்வுண்மையை எளிதில் மறந்துவிடுகின்றனர்.

ஐரோப்பாவில் 1756இல் மூண்ட ஏழாண்டுப் போரின் பகுதியாகப் பிரான்சு அரசு லல்லி என்னும் படைத்தலைவரையும், தாஷே என்னும் கப்பற்படைத் தலைவரையும் இங்கு அனுப்பிற்று. 1758 ஏப்ரல் 29ஆம் நாள் கடலூருக்கு அருகே தாஷேயும் ஆங்கிலக் கடற்படைத் தலைவர் பொக்காக்கும் முதன்முறை மோதினர். அதே ஆண்டு ஆகஸ்டு 3ஆம் நாள் நாகப்பட்டினத்துக்கு அப்பால் மீண்டும் மோதினர். இரண்டிலும் தெளிவான வெற்றி எவருக்கும் இல்லை. ஆனால் இரண்டாம் போருக்குப்பின் தாஷே மொரீசியசுக்குச் சென்றுவிட, கடல்வழித் துணை இழந்த லல்லி 1758 டிசம்பரில் சென்னையை முற்றுகையிட்டு, 1759 பிப்ரவரியில் ஆங்கிலக் கப்பல்கள் வந்து நின்றதும் முற்றுகையைக் கைவிட்டார்.

1759ஆம் ஆண்டு தாஷே மும்முரமான ஆயத்தத்துடன் திரும்பி வந்தார். அவரிடம் 11 போர்க்கப்பல்கள், பொக்காக்கிடம் 9. செப்டம்பர்த் தொடக்கத்தில் இலங்கைக் கரைக்கு அப்பால் இரு படைகளும் ஒன்றையொன்று கண்டன. காற்றும் இருளும் அவற்றைப் பிரித்தன. பிரெஞ்சுக் கப்பல்கள் புதுச்சேரிக்குத்தான் வந்தாகவேண்டும் என்று கணித்த பொக்காக் அத்திசையிலேயே முந்திச் சென்று காத்திருந்தார். செப்டம்பர் 10ஆம் நாள் பிற்பகலில், ஏறத்தாழ இரண்டு மணி நேரம், இரு வரிசைகளும் ஒன்றன்மேல் ஒன்று பீரங்கி பொழிந்தன. தாஷேயின் தலைமைக் கப்பலாகிய சொதியாக்கின் தலைவர் கொல்லப்பட்டார். தாஷே தாமும் காயமுற்று உணர்விழந்தார். பொறுப்பேற்ற அதிகாரி கப்பலின் முகத்தைத் திருப்பவே, தலைவரே விலகுகிறார் என்று கருதிய ஏனைய கப்பல்களும் பின்தொடர்ந்தன. ஆங்கிலேயரின் பாய்மரங்கள் கிழிந்து தொங்கியமையால் அவர்களால் துரத்த இயலவில்லை. ஆங்கிலேயர் தரப்பில் இறந்தோரும் காயமுற்றோரும் 500க்கு மேற்பட்டோர். பிரெஞ்சுத் தரப்பில் அதனினும் மிகுதி. ஒரு கப்பல்கூட மூழ்கவில்லை. ஒன்றுகூடப் பிடிபடவும் இல்லை.

அவ்வாறாயின் இதனை எவ்வாறு முடிவான போர் என்கிறோம்? கடலில் நிகழ்ந்ததைக் காட்டிலும் அதற்கடுத்த மூன்று வாரங்களில் புதுச்சேரிக் கரையில் நிகழ்ந்ததே விடை தருகிறது. தாஷே கொண்டுவந்திருந்த பணத்தையும் சில நூறு வீரர்களையும் இறக்கினார். உடனே மொரீசியசுக்குத் திரும்பப்போவதாக அறிவித்தார். புதுச்சேரி ஆட்சிக் குழுவினர் அதிர்ச்சியுற்று, இக்குடியேற்றம் அழிந்தால் அதன் பழி அவரையே சாரும் என்று எழுத்து மூலம் எதிர்ப்புத் தெரிவித்தனர். சில நாட்கள் தயங்கி நின்றபின், செப்டம்பர் மாத இறுதியில் அவர் பாய்விரித்துச் சென்றார். மீண்டும் அவர் வரவே இல்லை. 1760 ஜனவரியில் மொரீசியசைத் தாக்கிய பெரும்புயல் அங்கிருந்த கப்பல்களைச் சிதைத்தது. ஆங்கிலேயருக்கோ அக்டோபரிலேயே கார்னிஷ் என்பவரின் தலைமையில் புதிய கப்பல்கள் வந்து சேர்ந்தன. ஐர் கூட்டின் படைப்பிரிவும் வந்திறங்கிற்று. 1760 ஜனவரி 22ஆம் நாள் வந்தவாசியில் லல்லி தோற்றார். ஆண்டின் இறுதிக்குள் புதுச்சேரி தரையிலும் கடலிலும் சூழப்பட்டது.

அந்த முற்றுகையில் நிகழ்ந்த ஒன்றை நாம் விரைந்து கடக்கலாகாது. உணவு குறைந்தபோது, 1760 நவம்பர் இறுதியில், லல்லி நகரிலிருந்த தமிழ்க் குடிகளுள் ஏறத்தாழ 1400 பேரைக் கோட்டைக்கு வெளியே துரத்தினார். ஐரோப்பியருக்கு ஏவல் செய்வோருக்கு மட்டும் விலக்கு இருந்தது. வெளியேறியோரை ஆங்கிலப் படையினர் தங்கள் வரிசையைக் கடக்க விடவில்லை. திரும்பிச் சென்றோரைப் பிரெஞ்சுப் படையினர் சுட்டனர். ஆணும் பெண்ணும் குழந்தைகளும் ஒரு வார காலம் இரு படைகளுக்கும் இடைப்பட்ட வெளியில் புல்வேரைத் தின்று அலைந்தபின்னரே ஆங்கிலேயர் வழி விட்டனர். அவர்களுள் ஒருவர் பெயரும் நமக்குக் கிட்டவில்லை. தளபதிகளின் பெயர்களோ பள்ளிப் பாடங்களில் இடம்பெற்றுவிட்டன.

1761 ஜனவரி முதல் நாள் வீசிய புயலில் முற்றுகையிட்டிருந்த ஆங்கிலக் கப்பல்கள் சில மூழ்கின. ஆயிரத்துக்கு மேற்பட்ட கப்பலோட்டிகள் மாண்டனர். கரையில் நின்ற லல்லி அதனைத் தமக்கு வந்த மீட்பாகவே எண்ணியிருக்க வேண்டும். ஆனால் பிரெஞ்சுக் கப்பல் ஒன்றேனும் அருகில் இருந்தாலன்றோ அப்புயலால் பயன் உண்டு! சில நாட்களுக்குள் ஆங்கிலக் கப்பல்கள் மீண்டும் வந்து கடல்வாயிலை அடைத்தன. ஜனவரி 16ஆம் நாள் புதுச்சேரி ஆங்கிலேயர் கைப்பட்டது. கோட்டையும் மாளிகைகளும் ஆலயங்களும் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன. கால் நூற்றாண்டு நிகழ்ச்சிகளைத் தம் தினப்படிக் குறிப்பிற் பதிந்த ஆனந்தரங்கப் பிள்ளையும் அதே ஜனவரியில் காலமானார். லல்லி 1766இல் பாரீசில் தலை வெட்டப்பட்டார்.

இனி நமது திருச்சபைக்கு வருவோம். இப்போட்டியின் ஒவ்வொரு கட்டத்திலும் சபைகள் அதன் பயனை உண்டன. கத்தோலிக்கரும் உண்டனர், நாமும் உண்டோம். 1748ஆம் ஆண்டு ஆங்கிலக் கப்பற்படை புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த குழப்பத்தின் நடுவே, இயேசு சபையினரின் ஆலயத்தை அடுத்திருந்த வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. ஆனந்தரங்கப் பிள்ளையின் குறிப்பில் இந்நிகழ்ச்சி வேதனையோடு பதிவாகியுள்ளது. இதனைச் சுட்டுவதற்கு நமக்கு நா எழுகிறது. ஆனால் நான்காண்டுகள் கழித்து நமக்குக் கிடைத்ததைப் பற்றியும் அதே நாவால் பேச வேண்டும்.

1746 செப்டம்பரில் பிரெஞ்சுக் கப்பற்படைத் தலைவர் லபூர்தொனே சென்னையைக் கைப்பற்றினார். அப்போது நமது மிஷன் கட்டடங்கள் அழிந்தன. பெப்ரிஷியஸ் ஐயர் டச்சுக்காரரின் பழவேற்காட்டில் தஞ்சம் புகுந்தார். உடன்படிக்கையின்படி 1749இல் சென்னை மீண்டும் ஆங்கிலேயரிடம் வந்தபோது, அங்கிருந்த பிரெஞ்சுக் கப்பூச்சின் துறவியர் பகைவருக்குத் துணைநின்றனர் என்ற ஐயத்தின்பேரில் கும்பினியார் கத்தோலிக்க ஆலயங்களைப் பறித்தனர். வேப்பேரியில் ஆர்மீனிய வணிகர் கோஜா பெத்ரூஸ் உஸ்கான் பேணிவந்த சிற்றாலயம் அவற்றுள் ஒன்று. கடல்கடந்து வந்து சென்னையிற் பொருளீட்டி, சைதாப்பேட்டையில் அடையாற்றின்மேல் பாலமும் பரங்கிமலைக்குப் படிகளும் தம் செலவில் அமைத்த கொடையாளர் அவர். 1752இல் அவ்வாலயம் பெப்ரிஷியஸ் ஐயரிடம் ஒப்படைக்கப்பட்டது. சென்னையில் லுத்தரன், ஆங்கிலிக்கன் மரபுகளின் தமிழ்ப்பணிக்கு அதுவே தாயகமாயிற்று. நாபோத்தின் திராட்சத்தோட்டத்தைப் பற்றி நாம் ஆண்டுதோறும் பிரசங்கிக்கிறோம். பெப்ரிஷியஸ் ஆகாப் அல்லர். அவர் எதையும் கேட்டுப் பறித்தவரும் அல்லர். ஆயினும் பிறர் பறித்துக் கொடுத்ததை வாங்கிக்கொண்டவரின் நிலை என்னவென்பதை அந்த வேதபகுதி தெளிவாகச் சொல்லவில்லை. அதை நாமேதான் சிந்திக்கவேண்டியுள்ளது.

1758இல் கடலூர் பிரெஞ்சுக்காரரிடம் வீழ்ந்தபோது அங்கு ஊழியம் செய்த கீர்நாண்டர் ஐயர் தரங்கம்பாடிக்கு வந்து, அங்கிருந்து கல்கத்தா சென்றார். வங்காளத்தில் புரொட்டஸ்டண்ட் ஊழியம் அவ்வாறே தொடங்கிற்று. வேப்பேரியும் அவ்வாண்டு இறுதியில் லல்லியின் படையால் கொள்ளையிடப்பட்டது. பெப்ரிஷியஸ் இரண்டாம் முறை பழவேற்காட்டுக்கு ஓடினார். துன்பம் நமக்கும் நேர்ந்தது என்பதை மறுப்பார் இல்லை.

எனினும் 1759ஆம் ஆண்டுக் கடற்போர் நமக்கு விட்டுச்சென்ற பெரும் பேறு வேறொன்று. புதுச்சேரி வீழ்ந்தபோது ஐர் கூட்டின் படையினர் ஆளுநர் மாளிகையிலிருந்த அச்சுப்பொறியைக் கைப்பற்றிச் சென்னைக்குக் கொண்டுவந்தனர். கும்பினியாருக்கு அதனை இயக்கத் தெரிந்தவர் கிடைக்கவில்லை. அரசாங்க வேலைகளை முதலில் அச்சிட்டுத் தரவேண்டும் என்ற ஏற்பாட்டுடன் அது பெப்ரிஷியசிடம் ஒப்படைக்கப்பட்டது. வேப்பேரி அச்சகம் இவ்வாறு பிறந்தது. அவ்வச்சகத்திலிருந்தே 1772இல் அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடும், 1779இல் தமிழ்-ஆங்கில அகராதியும் வெளிவந்தன. லுத்தரன் சபைகள் தலைமுறை தலைமுறையாகப் பேணிவந்த திருப்புதல் அது. பின்வந்த மொழிபெயர்ப்பாளர் அனைவரும் அதனை ஒருபுறம் வைத்துக்கொண்டே பணிபுரிந்தனர். நாம் திருவிருந்தின்போது வாசிக்கும் வாக்கியங்களின் ஓசையில் போர்க்கொள்ளையாகக் கிடைத்த அந்தப் பொறியின் தொலைதூர எதிரொலி உண்டு.

கடற்போரும் அச்சுப்பொறியும் சந்தித்தது அதுவே முதன்முறையும் அன்று. சீகன்பால்க் ஐயருக்கென 1711இல் இலண்டனிலிருந்து அனுப்பப்பட்ட அச்சுப்பொறியை ஏற்றிவந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர் பிரேசில் கரையில் பிடித்தனர். அதனுடன் வந்த அச்சாளர் வழியிலேயே இறந்தார். பொறி மட்டும் எப்படியோ தப்பி 1712இல் தரங்கம்பாடி வந்து சேர்ந்தது. ஐம்பதாண்டு கழிந்து ஆங்கிலேயர் பிரெஞ்சுப் பொறியைப் பிடித்து நம்மிடம் தந்தனர். இதனைக் கேட்போருக்குச் சிரிப்பும் வரலாம்.

பெத்லெகேமின் கிணற்றுத் தண்ணீரைத் தாவீது விரும்பிக் கேட்டதும், மூன்று வீரர் உயிரைப் பணயம் வைத்துக் கொண்டுவந்ததும், அவன் அதனைக் குடிக்க மனமின்றிக் கர்த்தருக்கென ஊற்றிவிட்டதும் நாம் அறிந்தவை. பெப்ரிஷியஸ் ஊற்றிவிடவில்லை, குடித்தார், மற்றவருக்கும் குடிக்கக் கொடுத்தார். அவர் அச்சிடாமல் விட்டிருந்தால் துரத்தப்பட்ட அந்த 1400 பேருக்கு எந்த நன்மையும் வந்திராது என்று வாதிடுவோர் உண்டு. வாதம் நேர்மையானதே. ஆயினும் தாவீது அத்தண்ணீரின் விலையை உரத்த குரலில் பெயரிட்டுச் சொன்னான். நமது சபை வரலாறுகள் அச்சகத்தைப் போற்றும்போது அந்த விலையைச் சொல்வதில்லை. குறை குடித்ததில் அன்று, சொல்லாமல் விட்டதில் உள்ளது என்பதே நமது கருத்து.

இப்பொழுது மதுரைக்குத் திரும்புவோம். இராமநாதபுரம் சீமையைச் சேர்ந்த பனையூரில் பிறந்து இசுலாத்தைத் தழுவிய யூசுப்கான், கும்பினியின் சிப்பாய்ப் படைக்குத் தலைவனாக உயர்ந்தவன். லல்லி சென்னையை முற்றுகையிட்டபோது வெளியிலிருந்து பிரெஞ்சுப் படையின் உணவு வழிகளை அறுத்து அவர்களை அலைக்கழித்தவன் அவனே. 1759இல் மதுரையையும் திருநெல்வேலியையும் ஆளும் பொறுப்போடு திரும்பினான். பூலித்தேவன் முதலிய பாளையக்காரரை அடக்கினான் என்பதால் அவனை மக்கள் தலைவன் என்று மட்டும் போற்றுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. ஆயினும் ஆர்க்காட்டு நவாபு முகமது அலிக்கு அடங்க மறுத்து, 1763இல் கும்பினியையே எதிர்த்து நின்றான். அவ்வாண்டு மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடி ஏறியது.

இந்தக் கொடியில்தான் 1759ஆம் ஆண்டுக் கடற்போரின் பொருள் முழுவதும் அடங்கியுள்ளது. கொடி பிரெஞ்சுக்காரருடையது, மார்ஷான் என்பவரின் கீழ்ச் சில பிரெஞ்சு வீரரும் கோட்டைக்குள் இருந்தனர். ஆனால் சோழமண்டலக் கடலில் பிரெஞ்சுக் கப்பல் இல்லை. 1763 பிப்ரவரி 10ஆம் நாள் கையெழுத்தான பாரீசு உடன்படிக்கை புதுச்சேரியைப் பிரான்சுக்குத் திருப்பித் தர இசைந்தது; அதே விதியில் முகமது அலியே கருநாடகத்தின் நவாபு என்று பிரான்சும் ஒப்புக்கொண்டது. கடலில் தோற்றவன் கையெழுத்திட்ட தாள், வைகைக்கரை மனிதனின் வழக்கையும் முடித்துவிட்டது. 1763 செப்டம்பரில் தொடங்கிய முற்றுகை மழைக்காலத்தில் தளர்ந்து, 1764இல் மீண்டும் இறுகிற்று. ஜூன் மாத இறுதியில் ஆங்கிலேயர் மதிலேற முயன்று பெரும் இழப்புடன் பின்வாங்கினர். பின்னர்ப் பட்டினியே படைக்கலமாயிற்று. அக்டோபர் 13ஆம் நாள் மார்ஷானும் உள்ளிருந்த வேறு சிலரும் யூசுப்கானைப் பிடித்துக் கட்டிக் கொடுத்தனர். இரண்டு நாட்களில் தூக்குமரம்.

முற்றுகையிட்ட பாசறையில் நம்மவர் ஒருவர் இருந்தார். திருச்சிராப்பள்ளியிலிருந்து வந்த சுவார்ட்ஸ் ஐயர் 1764இல் காயமுற்ற ஆங்கில வீரர்களுக்கும் நோயாளிகளுக்கும் அங்கே பணிவிடை செய்தார். அதற்காக நவாபு அளித்த பணத்தைத் தமக்கென வைத்துக்கொள்ளாமல் திருச்சியிலிருந்த அனாதைப் பிள்ளைகளின் பள்ளிக்குக் கொடுத்தார். அவருடைய தூய உள்ளத்தை ஐயுற நமக்கு யாதொரு காரணமும் இல்லை. கையூட்டுக்கும் பேராசைக்கும் பேர்போன அக்காலத்தில் அவர் வெறுங்கையராய் வாழ்ந்தார். இருந்தும் மதிலின் இந்தப் பக்கம் நின்றே அவர் இரக்கம் காட்ட முடிந்தது. மறுபக்கத்தில் பசித்திருந்த மதுரை மக்களிடம் செல்ல அவருக்கு வழியில்லை. நற்செய்தியாளன் எங்கே நிற்கிறான் என்பதை அவனுடைய மனம் மட்டும் தீர்மானிப்பதில்லை. அவனை அங்கே கொண்டுவந்து சேர்த்த படைகளும் தீர்மானிக்கின்றன. ஊழியத்துக்கு ஆயத்தமாகும் இளைஞர் இந்த இடத்தில் சற்று நின்று சிந்திப்பாராக.

பிற்காலப் போர்களைச் சுருங்கச் சொல்லிவிடலாம். 1782, 1783ஆம் ஆண்டுகளில் சுப்ரேன் என்னும் திறமிக்க பிரெஞ்சுக் கப்பற்படைத் தலைவர் சதுரங்கப்பட்டினம் முதல் திருகோணமலை வரை ஐந்துமுறை ஆங்கிலேயரோடு பொருதார். கடலூரில் 1783 ஜூன் 20ஆம் நாள் நடந்த இறுதிப் போருக்குப்பின் ஐரோப்பாவில் சமாதானம் ஆகிவிட்ட செய்தி வந்தது. சுப்ரேன் பொக்காக்கைவிட மேலான கடலோடி என்று கருதுவோர் பலர். ஆயினும் 1759இல் இழந்ததை அவரால் மீட்க முடியவில்லை. 1795இல் திருகோணமலையும், அடுத்த ஆண்டு கொழும்பும் டச்சுக்காரரிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறின. அதன் பின்னரே, 1816இல், அமெரிக்க மிஷனெரிமார் யாழ்ப்பாணத்தில் குடியேற முடிந்தது. அங்கிருந்தே 1834இல் அவர்கள் மதுரைக்கு வந்தனர். அவர்களிடமிருந்தே பசுமலை வந்தது. பழங்காநத்தத்தின் தென்திசைச் சாலையும் இவ்வாறு கடலில்தான் தொடங்குகிறது.

அவ்வாறாயின் பசுமலையின் பணி பொய்யா? இல்லை. பாரசீக மன்னன் கோரேசின் படையெடுப்பின் வழியே எருசலேம் மீண்டும் கட்டப்பட்டது. அதனால் எஸ்றாவின் பணி பொய்யாகவில்லை. ஆனால் கோரேசைப் பற்றி எழுதிய தீர்க்கதரிசி, அவன் தன்னைப் பயன்படுத்தும் கடவுளை அறியாதவன் என்பதையும் மறைக்காமல் எழுதினார். நமது வரலாற்றாசிரியர் கும்பினியாரைக் கோரேசின் இருக்கையில் அமர்த்தியபோது அந்தப் பிற்பாதியை விட்டுவிட்டனர். தமிழ்நாட்டுத் திருச்சபை வரலாற்றைக் கற்பிப்போர் வேப்பேரி அச்சகத்தைச் சொல்லுமிடத்தில் புதுச்சேரி முற்றுகையையும், சுவார்ட்சின் மதுரைப் பயணத்தைச் சொல்லுமிடத்தில் சம்மட்டிபுரத்தையும் சேர்த்தே சொல்லலாம். மாணவர் காளவாசல் வரை நடந்து சென்று பார்க்கவும் இயலும், தொலைவு அதிகமில்லை. இசுலாமிய அயலார் அக்கல்லறையைத் தலைமுறைகளாகப் பேணி வருகின்றனர். நம்மவர் சென்றால் வியப்புறலாமேயன்றி வெறுக்கமாட்டார்கள்.

சென்னைக்குச் செல்வோர் வேப்பேரியில் தூய மத்தியா ஆலயத்தையும் காணலாம். 1752இல் பெப்ரிஷியசிடம் தரப்பட்ட பழைய சிற்றாலயத்தின் இடத்திலேயே அது நிற்கிறது. ஆலயம் கைமாறுவதற்கு முந்தின ஆண்டு, 1751இல், உஸ்கான் மறைந்தார்; தாம் பேணிய ஆலயத்தின் வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். அந்த ஆர்மீனியரின் கல்லறை இன்றும் நமது ஆலய வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது.